மலைக்குப் போன அம்மா

அந்தப் பிள்ளை மடுவத்துக்கு இரண்டு வாசல். முன்வாசலால் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பின்வாசலால் பிள்ளை இல்லாமல் போவார்கள். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை அழாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை செய்கிறவர்களின் கெட்டித்தனம் என்று காலங்காலமாக ஒரு பேச்சு.

எஹலியகொடவுக்கு மேலே, பஸ் போகிற கடைசி இடத்தையும் தாண்டி, தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கிற ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்தது அந்த மடுவம். விடிந்தும் விடியாத நேரத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடும் அவசரத்தில், தாய்மார் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். தூக்கம் கலையாத பிள்ளை தாயின் கழுத்தை விடாது. அந்த நேரம் பார்த்துச் சுப்பம்மா கையை நீட்டுவாள். மடுவத்தில் சமைக்கிறதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறதும் அவள்தான். "அந்தா பாரு, பலா மரத்துல மந்தி!" என்பாள். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பும். தாய் பின்வாசலால் நழுவிவிடுவாள். மரத்தில் மந்தி இருந்ததோ இல்லையோ, அந்தத் தோட்டத்தில் வளர்ந்த எல்லாரும் சின்ன வயதில் இல்லாத மந்தியைத் தேடியவர்கள்தான். மடுவத்துக்குப் பொறுப்பாக இருந்த விஜயகலா டீச்சரும் தேடியவள்தான்.

யோகராணி குவைத்துக்குப் போனதும் அந்தப் பின்வாசலால்தான். அவளுடைய மகள் மிதுஷாவுக்கு அப்போது மூன்று வயது நிரம்பியிருந்தது. தோட்டம் கொடுத்த துண்டுக் காணியில் அத்திவாரத்தோடு நின்றுபோன வீட்டை எழுப்ப வேண்டும் என்பது புருஷன் பெண்சாதி இரண்டு பேருடைய ஆசை. பயணம் போகிற காலையில் யோகராணி நல்ல உடுப்பைப் போட்டு, அதற்கு மேலே கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் கட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாதாம். மந்தி காட்டப்பட்டது. பின்வாசலுக்கு வெளியே படங்கை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். அங்கே வேன் நின்றது.

அந்திக்குப் பிள்ளை அம்மாவைக் கேட்டது. தகப்பன் கிருஷ்ணராஜ், "அம்மா மலைக்குப் போயிருக்கு, வந்துரும்" என்றான். பக்கத்து வீட்டுக்காரிகளும் அதையே சொன்னார்கள். அதைப் பொய் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. அந்த லயத்து வரிசை வீடுகளில் தாயைத் தேடுகிற எந்தப் பிள்ளைக்கும் சொல்கிற வார்த்தை அது. உண்மையாக இருந்து இருந்தே வாய்க்குப் பழகிப்போனது. தேயிலை மலைக்குப் போன அம்மா பொழுது சாயக் கொழுந்து நிறுத்துவிட்டு வருவாள். இதைவிட நிச்சயமான ஒன்று அந்தப் பிள்ளைகளின் உலகத்தில் கிடையாது.

ஆகவே மிதுஷா காத்திருந்தாள். மடுவம் மூடுகிற நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக, அவள் மட்டும் பாதை வளைவில் போய் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் மலையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கிக் கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குப் போவது தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கடைசி ஆளும் போனதும், "இன்னும் வேலை முடியல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் விஜயகலாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். அழ மாட்டாள். அடம் பிடிக்க மாட்டாள்.

"தங்கமான புள்ள" என்று தோட்டமே சொன்னது. தாய் போய் ஒரு மாதத்தில் பழகிவிட்டதே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

விஜயகலாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. புருஷன் சுமன் தோட்டத்து லொறி ஓட்டுகிறவன், நல்ல மனுஷன். அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்க மாட்டான். நாள் முழுக்க ஊர்ப்பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு அந்திக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று அவளும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வளைவிலிருந்து மிதுஷாவின் லயம் வரைக்கும் அந்தக் கையில் இன்னொரு சின்னக் கை இருந்தது. வழி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றும்.

அந்த வருஷம் தோட்டத்தில் அவளைப் படிக்க அனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் எஹலியகொட பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் வகுப்பு. சிறுபிள்ளைக் கல்வி டிப்ளோமா. படிப்பித்தவள் ஸாஹிரா மிஸ்; விஜயகலாவை விட வயதில் சின்னவள். பிள்ளை என்பது சின்னதாகச் செய்த பெரிய ஆள் இல்லை, அதன் புத்தி படிப்படியாக வளர்கிறது, ஒவ்வொரு படியிலும் உலகம் அதற்கு வேறு மாதிரித் தெரிகிறது என்று தொடங்கினாள். கட்டைக் கோப்பைத் தண்ணீரை ஒடுங்கின நீளக் கோப்பைக்கு மாற்றினால், இந்த வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் கூடிவிட்டதாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிறதுதான் அதற்கு உண்மை என்றாள்.

விஜயகலா திங்கட்கிழமையே மடுவத்தில் தேத்தண்ணியை வைத்துச் செய்து பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் நீளக் கோப்பையைக் காட்டினார்கள். சுப்பம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் அந்த ஒசந்த கோப்பையிலயே ஊத்து புள்ள. ஒங்க படிப்பு நல்லாத்தான் இருக்கு."

அதற்கு அடுத்த பாடம்தான் விஜயகலாவை விடாமல் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கும் அதை வளர்க்கிறவர்களுக்கும் நடுவில் உண்டாகிற பற்றைப் பற்றி ஸாஹிரா மிஸ் பேசினாள். அந்தப் பற்று அறுந்தால் பிள்ளை முதலில் கத்திக் கூப்பாடு போடும். கூப்பாட்டுக்குப் பலன் இல்லையென்றால் அடங்கிப்போய் மூலையில் உட்காரும். அதற்குப் பிறகு எல்லாரிடமும் சிரிக்கும், கொடுத்ததைச் சாப்பிடும். ஆனால் உள்ளே கதவைச் சாத்திக்கொள்ளும்.

"அழுக நிண்டா பழகிட்டிச்சின்டு நினைக்க வேணாம்" என்றாள் மிஸ். "அழுற புள்ளக்கி இன்னம் நம்பிக்க இருக்கி. அழாத புள்ளயத்தான் நீங்க ரெண்டு தரம் பாக்கணும்."

வகுப்பில் ஒருத்தி எழும்பிச் சண்டைக்கு வந்தாள். இதையெல்லாம் எழுதின ஊரில் தாய் வீட்டில் இருப்பாளாக்கும். எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளையை மடுவத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு மலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா என்று கேட்டாள். மிஸ் கோபப்படவில்லை. தன்னுடைய மகள் அக்ஸாவையும் சாச்சியிடம் விட்டுவிட்டுத்தான் பற்றைப் பற்றிப் படிப்பிக்க வந்திருப்பதாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாய் போவது குற்றமில்லை; சொல்லாமல் போவதுதான் பிள்ளையைக் கலக்குகிறது என்றாள். தான் போகும்போது அக்ஸா வாசலில் நின்று அழுவாள், அழட்டும், திரும்பி வந்தால் சிரிப்பாள், இரண்டும் அதே பற்றுதான் என்றாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கின பிறகு விஜயகலா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். தாய் இல்லாத இடத்தில் வேறொருத்தி நின்றால் பிள்ளை என்ன செய்யும்?

பிள்ளை மனது ஒரே ஒரு ஆள் உட்காருகிற கதிரை இல்லை என்றாள் மிஸ். இன்னொரு ஆள் நிலையாக நின்றால் பிள்ளை முங்கிப் போகாமல் தப்பும். பிறகு கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"கஷ்டம் அந்த ஆளுக்குத்தான். அதப்பத்திப் புத்தகத்தில பெருசா ஒண்டும் எழுதல்ல."

விஜயகலா மடுவத்துக்குத் திரும்பி வந்து முதல் வேலையாகப் பின்வாசலுக்குக் குறுக்கே அரிசிப் பெட்டியை இழுத்துப் போட்டாள். இனித் தாய்மார் முன்வாசலால்தான் போக வேண்டும், போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ஒரு கிழமை மடுவம் அழுகையில் மிதந்தது. உங்கள் படிப்பு வந்ததிலிருந்து மடுவம் சாவு வீடு மாதிரி இருக்கிறது என்று சுப்பம்மா முணுமுணுத்தாள். கணக்கப்பிள்ளைகூட ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போனார். ஆனால் போகப் போக அழுகை சுருங்கியது. போனவள் வருவாள் என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டது.

மிதுஷா மட்டும் அந்த அழுகையில் சேரவில்லை. தகப்பன் வாசலில் இறக்கிவிடுவான். திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து, தன்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவாள். தங்கமான பிள்ளை. இப்போது விஜயகலாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராணி வீடியோவில் பேசுவாள். மேற்பிரிவில் மாரியம்மன் கோயில் படியில்தான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். ஒரு ஞாயிறு விஜயகலாவும் அங்கே இருந்தாள். திரையில் யோகராணி தலையை மூடித் துணி சுற்றி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மகளைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். கிருஷ்ணராஜ் பிள்ளையின் முதுகில் தட்டி, பேசு பேசு என்றான். மிதுஷா விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி, "சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள். அதோடு போனைத் தகப்பனிடம் நீட்டிவிட்டு விஜயகலாவின் மடியில் ஏறிக்கொண்டாள். ஏறிக்கொண்டு காதோடு சொன்னாள்:

"டீச்சர், போன் அம்மா நல்லவங்க. எங்கம்மா மலையில இருந்து வந்தோன்ன காட்டணும்."

விஜயகலாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிள்ளைக்கு இரண்டு அம்மாக்கள். ஒருத்தி போனில் இருக்கிறவள். வெள்ளையாக இருப்பாள், தலையில் துணி கட்டியிருப்பாள், எப்போதும் அழுவாள். மற்றவள் படங்கு கட்டிக்கொண்டு மலைக்குப் போனவள்; இன்னும் இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதுதான் உண்மை என்கிற வயதில் இரண்டு முகமும் ஒருத்தியுடையது என்று அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

சொல்லியிருக்க வேண்டும். கிருஷ்ணராஜ் பக்கத்திலேயேதான் நின்றான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கும் சொல்லவில்லை. வயது ஏற ஏறத் தானாக விளங்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் உள்ளே ஒரு இடத்தில் அவளுக்குத் தெரியும். போன் அம்மாவும் இங்கே இல்லை, மலை அம்மாவும் இங்கே இல்லை; இங்கே இருப்பவள் ஒருத்திதான்.

ஒரு பகல், பிள்ளைகள் தூங்கும் நேரம், மிதுஷா தூக்கத்தில் புரண்டு அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். விஜயகலா அசையவில்லை. கால் மரத்துப்போனது. அடுப்பில் கஞ்சி பிடித்து, மடுவமெல்லாம் தீய்ந்த வாடை. சுப்பம்மா ஓடிவந்து சட்டியை இறக்கிவிட்டு, உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். வாயில் வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

யோகராணி சொன்ன காலத்துக்கு முன்பே வந்துவிட்டாள். வேலை செய்த வீட்டுக்காரர்கள் வேறு தேசத்துக்குப் போனதால் அவளை அனுப்பிவிட்டார்களாம். அடைமழையில் த்ரீவீலரிலிருந்து இறங்கினாள். தலைமயிரைத் தோளோடு வெட்டியிருந்தாள். கையில் பிள்ளை உயரத்துக்கு ஒரு பொம்மை. மடுவத்து வாசலிலேயே முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள்.

மிதுஷா அவளை நன்றாகப் பார்த்தாள். "வாங்க" என்றாள் மரியாதையாக. பொம்மையை வாங்கிக்கொண்டு விஜயகலாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு அந்தியிலும் வழக்கம் போல வளைவுக்குப் போனாள். டீச்சரோடு சுற்றுகிற பழக்கம் விடவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இரவில் யோகராணி பக்கத்தில் படுக்க வைத்தால், சத்தமில்லாமல் எழும்பித் தகப்பன் பக்கம் போய்ப் படுத்தாள். ஊட்டினால் சாப்பிட்டாள். கூப்பிட்டால் வந்தாள். தூக்கினால் கட்டை மாதிரி இருந்தாள். பெற்றவளுக்கு வேறு என்ன கொடுமை வேண்டும்? சில பேர், டீச்சர் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று பகிடிக்குச் சொன்னார்கள். பகிடி காதுக்குக் காது போகப் போகப் பாதி உண்மையானது.

ஒரு காலை யோகராணியே மகளைக் கொண்டுவந்து விட்டாள். விட்ட கையோடு விஜயகலாவைப் பார்த்துச் சொன்னாள்:

"புள்ளையப் பாத்துக்கச் சொன்னேன். எடுத்துக்கச் சொல்லல."

விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு கிருஷ்ணராஜ் வந்தான். குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் போனில் கோல் எடுத்தானாம். வேறொரு வீடு இருக்கிறதாம். யோகராணி 'ஹரி', சரி என்று சொல்லிவிட்டாளாம். இந்தப் பிள்ளைக்கு நான் எதற்கு, அங்கே போனால் வீடாவது எழும்பும் என்கிறாளாம். சொல்லிவிட்டுக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"அவ ஒடஞ்சு போயிட்டா டீச்சர். நான் என்னத்தச் சொல்ல? நீங்க புள்ளையப் பாத்துக்குவீங்கதானே?"

விஜயகலாவின் மனது குதித்தது. அதை மறைத்து என்ன பயன்? குதித்தது. அன்று முழுவதும் அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. தன் வீட்டில் எந்த மூலையில் பிள்ளைக்குப் பாய் விரிக்கலாம், மழைச் சாரல் அடிக்காத பக்கம் எது என்றெல்லாம் யோசனை ஓடியது. இனிமேல் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் வரும், இரவும் தங்கும். பிள்ளை வளரும். கொஞ்ச நாளில் போன் அம்மாவையும் மறக்கும்.

அந்தியில் இருவரும் வளைவில் நின்றார்கள். தூறல். ஒரே குடைக்குள் மிதுஷா முன்னால், விஜயகலா பின்னால். பெண்கள் கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகம் நெருங்கும்போது அந்தச் சின்ன முதுகு நிமிரும். கடந்து போகும்போது தளரும். நிமிரும், தளரும். இத்தனை மாதமாகப் பின்னால் நின்றும் விஜயகலா அந்த முதுகை அன்றுதான் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம், எல்லாரும் போன பிறகு தன்னைத் தேடி வரப்போகிற கையைத்தான்.

கடைசி ஆளும் போனாள்.

"இன்னும் வேலை முடியல" என்றாள் மிதுஷா. கை வந்தது.

இந்தப் பிள்ளை உள்ளே கதவைச் சாத்தவில்லை. திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்கிறது. யாருக்காகத் திறந்திருக்கிறதோ அவள் வந்து லயத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். நடுவில் நிற்கிறவள் விலகாவிட்டால், இது இப்படியே இந்த வளைவில் நின்று நின்று ஒரு நாள் நிற்காமலே போய்விடும். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள வருகிற கை எந்த மாதிரிக் கையாக இருக்கும்?

அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நேரே யோகராணி வீட்டுக்குள் போனாள். யோகராணி பயணப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணராஜ் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

"யோகம், புள்ள ஒன்னைய வேணாங்கல. அவளுக்கு நீ இன்னும் வந்து சேரவேயில்ல."

"என்ன கதைக்கிறீங்க?"

விஜயகலா சொன்னாள். போன் அம்மாவைப் பற்றி, மலை அம்மாவைப் பற்றி, பிள்ளை அந்தியில் எதற்காக வளைவுக்குப் போகிறாள் என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி கருகியது. கிருஷ்ணராஜ் தட்டைக் கீழே வைத்தான்.

"மலைக்குப் போயிருக்குன்னு நாந்தான் சொன்னேன்" என்றான். "வேற என்ன சொல்லுவாங்க புள்ளைக்கு?"

யோகராணி அவனைப் பார்க்கவில்லை. விஜயகலாவையே பார்த்தாள்.

"இது ஒங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

"நீ போன்ல பேசின காலத்துலருந்து."

"ஏன் சொல்லல அக்கா?"

வெளியே கூரைப் பீலியிலிருந்து மழைத்தண்ணீர் வாளிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. விஜயகலா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொன்னா அவ என் கையப் புடிக்க மாட்டா."

யோகராணி ஏசுவாள் என்று விஜயகலா காத்திருந்தாள். ஏசவில்லை. தலைமயிரை இழுத்துப் பார்த்து, முடிய நீளம் காணாமல் விட்டுவிட்டு, இப்போது நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பிள்ளை எழும்பும் முன்னமே யோகராணி பெரட்டுக்குப் போனாள். கணக்கப்பிள்ளை அன்றாடக் கூலியாகக் கைக்காசுக்குப் பேர் போட்டுக்கொண்டார். குவைத்து நோனா கொழுந்து கிள்ள வந்திருக்கு, பாத்துக் கிள்ளுங்க நகம் ஒடஞ்சிரும் என்று பெண்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களே யாரோ ஒருத்தியின் பழைய படங்கை அவளுக்குக் கட்டிவிட்டார்கள். கை மெதுவாகிப் போயிருந்தது. அட்டை கடித்தது. மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் கறுத்து, தேயிலைச் சாறு ஏறிக்கொண்டது. விஜயகலா சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: கூப்பிடாதே, ஓடிவந்து தூக்காதே, அவளாக வரட்டும்.

அந்தியில் அவர்கள் இறங்கினார்கள். வரிசையின் நடுவில் யோகராணி, நனைந்த படங்கும் தலையில் பையும் களைத்த முகமுமாக. மிதுஷாவின் பார்வை அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போனது. போன பார்வை திரும்பி வந்தது. விஜயகலா பின்னால் நின்று அந்த முதுகையே பார்த்தாள். நிமிர்ந்த முதுகு தளரவில்லை.

யோகராணி நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் நின்றாள். அப்படியே முழு வரிசையும் பாரத்தோடு மழையில் நின்றுவிட்டது. கீழே கொட்டிலிலிருந்து கங்காணி, என்ன அங்க, வாங்க வாங்க என்று கத்தினார். ஒருத்தியும் அசையவில்லை.

பிள்ளை குடைக்கு வெளியே நடந்தாள். கிட்டப் போய்ப் படங்கின் ஓரத்தைப் பிடித்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ரொம்பத் தூரம் போயிட்டேன் மகளே" என்றாள் யோகராணி.

மிதுஷா கையை மடக்கி அவளுடைய தொடையில் ஒரு குத்துக் குத்தினாள். இன்னொன்று குத்தினாள். பிறகு படங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, தாயோடு கொட்டிலுக்கு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. விஜயகலா வளைவிலேயே நின்றாள். மழை விட்ட பிறகும் குடையை மடக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றிரவே பிள்ளை, போன் அம்மா எங்கே போனாங்க என்று கேட்டிருக்கிறாள். யோகராணி போனிலிருந்த படத்தைக் காட்டி, அந்தத் துணியை எடுத்துத் தன் தலையில் சுற்றிக் காட்டி, அதுவும் நான்தான் என்றாளாம். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. சில நாள் நம்பினாள், சில நாள் நம்பவில்லை. அவசரப்படுத்த வேண்டாம், எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவையும் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள் ஸாஹிரா மிஸ். ஏஜென்சிக்காரன் இரண்டு முறை கோல் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். வீடு இன்னும் அத்திவாரத்தோடுதான் நிற்கிறது.

வளைவில் கண்ட மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும். யோகராணி மகளைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் வந்தாள். கீழே இறக்கி, எதிரே குந்தி உட்கார்ந்தாள். விஜயகலா சொல்லிக்கொடுத்தபடி மகளின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா இப்ப மலைக்குப் போறேன். பத்து மணித் தேத்தண்ணிக்கு வந்து ஒன்னையப் பாத்துட்டுப் போவேன். அந்திக்கு வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

எழும்பினாள். இரண்டு அடி வைத்தாள்.

மிதுஷா கத்தினாள். அந்த மடுவத்தில் அப்படி ஒரு கத்தலை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. அழுதுகொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சமையலறையிலிருந்து சுப்பம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். வந்தவள் ஜன்னல் பக்கம் கையைத் தூக்கப் போனாள்.

"வேணாம் சுப்பக்கா" என்றாள் விஜயகலா. "அழட்டும்."

பாதையில் யோகராணி கால் ஓடாமல் நின்றாள். விஜயகலா அவளைப் பார்த்து, போ என்று தலையை ஆட்டினாள். போனாள். பிள்ளை வாசலை நோக்கிப் பாய, விஜயகலா குனிந்து அள்ளித் தூக்கினாள். இத்தனை மாதமாக மடியில் பதுங்கிக் கிடந்த உடம்பு வில்லாக வளைந்து துள்ளியது.

"நீ வேணாம். எங்கம்மா வேணும். விடு, நீ வேணாம்."

டீச்சரை அவள் ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை.

"வரும் கண்ணு, ஒங்கம்மா வரும்" என்று விஜயகலா திரும்பத் திரும்பச் சொன்னாள். வகுப்பில் அந்தப் பாடம் கேட்ட நாளிலிருந்து இந்த அழுகைக்காக அவள் ஏங்கியிருந்தாள். பிள்ளையின் இரண்டு உள்ளங்கைகளும் அவளுடைய நெஞ்சில் ஊன்றி, அவளை அப்பால் தள்ளிக்கொண்டிருந்தன. நல்ல பலமான தள்ளல்.